நாலாவது கூப்பாடு

குடிமக்களின் கடமை, உரிமை பற்றி உங்கள் அனுபவத்தில் கண்டதை எழுதிக் கொடுங்கள் என்று இளைய ஊழியர்கள் நச்சரிக்கிறார்கள். நான் ராமநாதபுரம் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் டவாலியாக இருந்தவன். மார்பில் பட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுவது வேலை. சட்டம் எனக்குத் தெரியாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது தெரியும்.

1. தொண்டை

சுதந்திரம் வந்த மறு வருஷம் சேர்ந்தேன். முதல் நாளே தலைமை குமாஸ்தாவான சிரஸ்தார் சொன்னார்: "மூணு தடவ கூப்பிடணும்யா. ஆள் வரலைன்னா உள்ள வந்து 'இல்லை'ன்னு சொல்லிட்டு நில்லு. ஏன் வரலைன்னு ஆராய்ச்சி பண்றது நம்ம வேலை இல்ல."

அன்று கூப்பிட்டதில் பாதிக்கு மேல் 'இல்லை'தான். சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் அதுவே பழகிப்போனது.

2. கருவாட்டுக் கூடை

தனுஷ்கோடிக் கரையில் சூசை என்ற இளைஞன், வேறு படகுக்குப் போகிறேன் என்று சொன்னதற்காக, படகு முதலாளியான சம்மாட்டி அவனைத் துடுப்பால் அடித்துக் கையை முறித்துவிட்டார். ஊரே நின்று பார்த்தது. சாட்சி சொல்ல வந்தது கருவாடு விற்கும் நாகம்மா மட்டும்.

வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. நாகம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயிலேறிக் கூடையோடு வருவார். எதிர்த்தரப்பு வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கூடையை வெளியே வைக்கக் கூடாதா?" என்றார்.

"வெளிய வச்சா காக்கா தூக்கிரும் சாமி. நீங்க சட்டுனு கேட்டு முடிங்க, நானும் போயிருவேன்."

மாஜிஸ்ட்ரேட்டே சிரித்துவிட்டார். சம்மாட்டிக்குத் தண்டனை கிடைத்தது. சூசை வாசலில் நாகம்மாவின் காலில் விழுந்தான்.

"எந்திரிலே. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ வரமாட்டியா?" என்றார் அவர்.

3. டீக்கடை

அந்த நாளும் வந்தது. சம்மாட்டியின் ஆட்கள் நாகம்மாவின் கொட்டகையைப் பிரித்தெறிந்து, காயப்போட்ட மீனையெல்லாம் கடலில் கொட்டிவிட்டார்கள். அவருடைய பிழைப்பே அதுதான். புகார் கொடுத்தார். பழைய பகையில் பொய் சொல்கிறாள் என்றது எதிர்த்தரப்பு. பக்கத்தில் நின்று பார்த்த சூசை வந்து சொன்னால்தான் வழக்கு நிற்கும். அவனுக்குச் சம்மனும் போயிருந்தது.

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எதிர் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். கோணலாய்க் கூடின கையில் கிளாஸ் இருந்தது. பக்கத்தில் சம்மாட்டியின் கணக்குப்பிள்ளை. சூசை முதுகைத் திருப்பிக்கொண்டான். நாகம்மாவும் பார்த்துவிட்டார்.

"இன்னொரு தடவ கூப்பிடுங்கண்ணே. காதுல விழுகலையோ என்னமோ."

கூப்பிட்டேன். என் சர்வீசில் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. அவன் கிளாஸை வைத்துவிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டான்.

"யோவ், மூணுதானய்யா?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"ஆமாங்கய்யா. ஆள் இல்லைங்கய்யா" என்றேன்.

வழக்கு தள்ளுபடியானது. நாகம்மா அழவில்லை. "இப்ப அந்தச் சம்மாட்டி படகுலதான் போறான். பிள்ளைகுட்டி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, வெறுங்கூடையோடு போனார்.

உரிமை உரிமை என்று மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும். வாசலில் நின்று நான் கண்டது வேறு. நம்முடைய உரிமை, கூப்பிட்டதும் எழுந்து வருகிற இன்னொருவர் கையில் இருக்கிறது. அவர் வராவிட்டால் சட்டப் புத்தகம் இருந்தும் பிரயோஜனமில்லை.

மறு வருஷம் யாரோ ஒரு வலைக்காரரின் வழக்கு. சாட்சி, நாகம்மா. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வர வேண்டாம் என்றுகூட இருந்தது. அலுப்போடு ஒரு தடவை கூப்பிட்டேன்.

"இங்கனதான் இருக்கேண்ணே, வாரேன்" என்று படியிலிருந்து குரல் வந்தது.

"இன்னுமா வாரீக தாயி?"

"கூப்புட்டீகள்ல" என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஓய்வு பெறும்வரை, ஒரு தடவைக்கு மேல் கூப்பிட வேண்டியிராத பெயர் அது ஒன்றுதான்.