அக்கம்பக்கம் இல்லாத படங்கள்

கட்டடம் எழும்பும் முன்பே அது எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் காட்டுவது என் தொழில். பெங்களூரில் எங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு என்பது சங்கத்து ஆட்களில் பாதிப் பேருக்கே மறந்துபோயிருந்தது. மாதக் கூட்டத்துக்குத் தலைவரும் நானும் மட்டும் வருவோம். அவர் தீர்மானத்தை முன்மொழிவார், நான் வழிமொழிவேன். பிறகு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு வரை பேசிக்கொண்டே நடந்து ஆளுக்கொரு பஸ் பிடிப்போம்.

எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு விதி. கட்டடத்தை எப்படி வேண்டுமானாலும் மினுக்கிக்கொள். சுற்றி இருப்பதை மட்டும் உள்ளபடி போடு. பக்கத்தில் தகரக் கூரை இருந்தால் தகரக் கூரை, சாக்கடை இருந்தால் சாக்கடை. பில்டர்களுக்கு இது வேப்பங்காய். அவர்களுக்கு நாலு பக்கமும் புல்வெளி வேண்டும், அதில் ஒரு வெள்ளைக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் பிறந்ததும் இன்றைக்கும் குடியிருப்பதும் அப்படித் தகரக் கூரையும் சாக்கடையுமான ஸ்ரீராம்புரத்தில்தான். அங்கே எந்த வெள்ளைக்காரி நாயோடு நடந்தாள்?

சங்கத்தைப் பிழைக்க வைக்கிறேன் பேர்வழி என்று போன வருஷம் கிளம்பினேன். கம்ப்யூட்டரில் படம் செய்யும் இளைஞர்களை ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பிடித்தேன். கன்னடத்தில் கெஞ்சினேன், இங்கிலீஷில் பீற்றிக்கொண்டேன், தமிழ் ஆள் அகப்பட்டால் சொந்தம் கொண்டாடினேன்.

"அந்த ரூல் இருந்தா கஷ்டம் சார், கிளையண்ட் ஓடிடுவான்," என்று எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் சொன்னார்கள்.

"மொதல்ல உள்ள வாங்க, பேசிக்கலாம்," என்றேன். வந்துவிட்டால் போகப் போகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். வந்தார்கள். பொதுக்குழுவன்று நாற்காலி போதாமல் கீழே டீக்கடையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தோம். அந்தப் பெஞ்சின் ஒரு முனையைச் சந்தோஷமாகத் தூக்கி வந்தவன் நான்தான்.

முதல் தீர்மானமே அந்த விதியை எடுத்துவிடுவதுதான். நான் எழுந்து, "படத்துல இல்லாத தெருவ நாளைக்கு நெஜத்துலயும் இல்லாமப் பண்றது சுலபம்," என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கை தூக்கினார்கள். நான் கூட்டி வந்த அத்தனை பேரும் தூக்கினார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன். தலைவரைப் பார்த்தேன். அவர் கையும் மேலேதான் இருந்தது.

"ஆளே இல்லாம ரூல மட்டும் வெச்சிக்கினு என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க," என்றார் மெதுவாக.

சங்கத்தை வளர்த்தவன் என்று அதே கூட்டத்தில் என்னையே செயலாளர் ஆக்கினார்கள். நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருஷம் கண்காட்சி வைத்தோம். மாநகராட்சியில் தெருக் கூட்டும் என் அக்கா, தம்பி மேடை ஏறுவதைப் பார்க்க லீவு போட்டுவிட்டுப் பட்டுப் புடவையில் வந்தாள். முதல் பரிசு வாங்கிய படம் எங்கள் தெருவை ஒட்டி வரப்போகிற அபார்ட்மெண்ட். அக்கா அதன் முன்னால் போய் நின்றாள்.

"தே பாரு, நம்ம மாரியாத்தா கோயிலு!" என்று கோபுரத்தின் மேல் விரல் வைத்தாள். அழகுக்காக அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். விரல் அங்கிருந்து எங்கள் தெரு இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்ந்தது. அங்கே வெறும் பச்சை.

"அப்ப நம்ம வூடு எங்கடா?"

அதற்குள் மைக்கில் செயலாளரை மேடைக்கு அழைத்தார்கள். அக்காவை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். படம் போட்ட பையன் நல்லவன், குனிந்து என் காலைத் தொட்டான். அவன் தோளில் சால்வையைப் போர்த்தினேன். தம்பி மேடையில் நிற்கிறான் என்று, எல்லோருக்கும் முன்னால் அக்கா கைதட்ட ஆரம்பித்தாள்.