மருதாணிச் செடியடியில் ஓர் எர்த் குழி

அப்போதெல்லாம் என் கைப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். ஸ்பிளிட் ஏசி பொருத்தப் போகும் வீட்டில் செய்ய வேண்டியவற்றை அதில் பதினான்கு வரிகளாக எழுதி வைத்திருந்தேன். பதினான்காவது வரி: 'எர்த் சோதனை, பிறகு சுவிட்ச்.' அந்த வரி இருந்த இடம் தப்பு என்பதை, மூன்றரை வயதுக் குழந்தை ஒருத்தியின் வீட்டில் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, காளையார்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் காரைக்குடி வந்து, ஃபிரிட்ஜும் ஃபேனும் விற்கிற கடையொன்றில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிளிட் ஏசி ஊருக்குப் புதுசு. நகைக்கடைக்குப் போகும், பாங்க்குக்குப் போகும், கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடுகளுக்குப் போகும். ஒரு சாதாரண வீட்டின் படுக்கையறைக்குப் போனது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. குழந்தையின் அப்பா துபாயில் இருந்தார். லீவில் வந்தபோது ஏசியை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார். தெருவில் அதை டாம்பீகம் என்று பேசிக்கொண்டார்கள்.

டாம்பீகம் இல்லை. அந்தக் குழந்தைக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்லை. வெயில் ஏறினால் உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் காய்ச்சலாக நிற்கும். அறையைக் குளிர்ச்சியாக வைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்த வழி ஓர் அலுமினிய அண்டா. பங்குனி பிறந்தால் பின்முற்றத்தில் அதில் தண்ணீர் நிரப்பி, காலை பதினொன்றிலிருந்து நாலு வரை பிள்ளையை உட்கார வைப்பார். மற்ற நேரம் ஈரக் கவுன்.

ஆண்கள் இல்லாத வீடு என்பதால் என்னையும் அனுப்பினார்கள்.

"பொம்பளப் பிள்ளையா ஒருத்தர அனுப்புங்கன்னு கடையில சொன்னேன். நெசமாவே அனுப்பிட்டாகளே" என்று கதவைத் திறந்தார் அந்த அம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட எனக்குத் தயக்கம் வரவில்லை.

"அவுகதான் இஞ்சினியரம்மா. நான் சும்மா பெட்டி தூக்க வந்தவன்" என்றார் எங்கள் ஃபிட்டர், வாசற்படிக்கு வெளியே நின்றபடி. சவூதியில் ஆறு வருஷம் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என் நோட்டைப் 'பூசைப் புத்தகம்' என்பார். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு என்பது அவருக்குத் தெரியும்.

சமையலறை வழியாகப் போனபோது ஃபிரிட்ஜுக்கு முன்னால் தரையில் ஒரு மரப்பலகை கிடந்தது. எங்களுக்குத் தண்ணீர் எடுக்க அக்கா அதில் ஏறி நின்றுதான் கதவைத் திறந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பட்டியலின் முதல் வரிக்குப் போய்விட்டேன்: சுவரைத் தட்டிப் பார்க்கவும்.

அன்று வேலை நன்றாகவே நடந்தது. பழைய செங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். துளையை வெளிப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்வாக இறக்கினோம், தண்ணீர் உள்ளே திரும்பாமல் இருக்க. வெளி யூனிட்டைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொன்னேன். ஃபிட்டர் செம்புக் குழாயின் வாயை விரித்து, நட்டு முறுக்கி, குழாய்க்குள் இருந்த காற்றை வேக்குவம் பம்பு வைத்து முழுசாக உறிஞ்சி எடுத்தார். அந்தக் காலத்தில் பலர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் துரத்திவிட்டதாகப் பேர் பண்ணுவார்கள். அவர் அப்படிச் செய்ய மாட்டார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, கொப்புளம் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்று மணிக்குப் பதின்மூன்று வரிகள் முடிந்தன. யாரும் எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெயின் பலகையில் என் சோதனைப் பல்பின் ஒரு வயரை ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தேன். எர்த் சரியாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். பல்பின் கம்பி சிவக்கக்கூட இல்லை. நியூட்ரலில் வைத்தேன். எரிந்தது. பல்பில் குறையில்லை.

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரோரமாக ஓடிப் பின்முற்றத்தில் ஓர் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. அந்தக் குழாய் தரைக்கு மேல் ஒரு சாண் வரைதான் இரும்பு. அதற்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக்.

"போன நோம்புக்கு முந்தி குழா ஓட்டையாப் போச்சு, மாத்துனோம்" என்றார் அக்கா. "அதுலருந்து ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது. பலகை போட்டேன். சரியாப் போச்சு."

சரியாகப் போகவில்லை என்பதை நான் காலையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பலகை எனக்குச் சொன்னதை நான் கேட்கவில்லை.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வைக்கிறீக?" என்றார் ஃபிட்டர். "நியூட்ரல்லருந்து ஒரு துண்டு வயரை எர்த்துல குடுத்துருவோம். ஊருல பாதி வீடு அப்படித்தான் ஓடுது."

"நியூட்ரல் எங்கயாவது அந்து போச்சுன்னா ஏசி உடம்பு பூரா கரண்டு வரும்ணே."

"அதான் மதுரையிலருந்து இ.எல்.சி.பி வாங்கியாந்து மாட்டிருக்கீகளே. கரண்டு கசிஞ்சா அது தானா விழுந்து லைனை அத்துரும்ல?"

"எர்த் இல்லாட்டி, யாராவது தொட்ட பெறகுதாண்ணே அது விழும். இந்த வீட்டுல தொடப்போறது யாரு?"

அவர் அண்டாவைப் பார்த்தார். குழந்தை ஈரக் கையால் அண்டாவின் விளிம்பைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நனைந்தே இருக்கிற பிள்ளை. மற்ற வீடுகளில் சுர்ரென்று போகிற கசிவு இவளிடம் அதோடு நிற்காது. எட்டாத உயரம் என்று நான் குறித்தது இன்றைய உயரம்தான். அடுத்த வருஷம் ஸ்டூல் போட்டு ஏறுவாள்.

கேஸ் வேலையில் அவ்வளவு பொறுமையான மனிதர் எர்த்தில் ஏன் அவசரப்படுகிறார் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். கேஸ் கசிந்தால் ஒரு வாரத்தில் கடைக்குப் புகார் வரும். எர்த் இல்லாவிட்டால் புகாரே வராது. ஏசி நன்றாகக் குளிரும்.

அக்கா தெர்மாமீட்டரோடு வந்தார். "நூத்திமூணு காட்டுது. இப்பப் போட்டுருவீகள்ல?"

நான் இல்லை என்றேன். ஏன் என்பதை எளிமையாகச் சொன்னேன். காலையில் முதல் வேலையாக இதைப் பார்த்திருந்தால் இந்நேரம் முடித்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் தெர்மாமீட்டரை உதறி உறையில் போட்டார். பிறகு, "அவுக மத்தியானம் துபாயிலருந்து போன் பண்ணாக. ஏசி ஓடுது, பிள்ள தூங்குதுன்னு சொல்லிட்டேன்" என்றார். "நீங்க நாளைக்கின்னா நாளைக்கி. ஆனா நாளைக்கின்னு சொன்னா நாளைக்கித்தான். என்னப் பொய்க்காரி ஆக்கிராதீக."

அன்றைக்கே வாசல் பக்கம், மீட்டருக்கு நேர்கீழே தோண்ட ஆரம்பித்தோம். எர்த் குழி எங்கே என்றால் மீட்டர் பக்கம் என்றுதான் படித்திருந்தேன். ஒன்றரை அடியில் கடப்பாரை ணங்கென்றது. செம்புராங்கல். இரண்டடி தள்ளித் தோண்டினோம். அங்கேயும் அதே சத்தம். அதற்கு மேலே இருந்த மண்ணும் பொடி மாதிரி காய்ந்து கிடந்தது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதில் இரும்புக் குழாயைப் புதைப்பதும் பிளாஸ்டிக்கில் வயரைக் கட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இந்த வீட்டுல எங்கயாவது மண்ணு ஈரமா இருக்குமாக்கா, கோடையிலயும்?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அங்குட்டு மருதாணிச் செடி பாருங்க. இவ அண்டாத் தண்ணிய நாளைக்கி மூணு தரம் மாத்துறேன். எல்லாம் அந்தச் செடிக்குத்தான். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யிறதும் அந்தக் கல்லு மேலதான். அங்குட்டு மட்டும் காயாது."

ஊரே வெந்துகொண்டிருந்த சித்திரையில் அந்தச் செடி மட்டும் கருகருவென்று நின்றது. கடப்பாரையை ஊன்றினேன். கையை அழுத்த வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ வருஷத் தண்ணீர் ஊறிப் பாறையில்லாத ஒரு மண்பொந்தில் தேங்கியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தேன். ஃபிட்டர் எனக்கு முன்பே வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றார்.

"டிப்ளமாவுல கடப்பாரையும் ஒரு பேப்பரா?" என்றார், நான் பங்குக்குத் தோண்ட இறங்கியபோது.

"பிராக்டிகல்ணே."

"அப்ப பெயில்தான். வேரை வெட்டிராதீக. அந்த அம்மா பாத்துக்கிட்டே நிக்கிது."

மார்பளவு ஆழம் போனதும் எர்த்துக்கான இரும்புக் குழாயை நடுவில் நிறுத்தி அடித்து இறக்கினோம். ஈரத்தைப் பிடித்து வைக்கச் சுற்றிலும் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கல்லுப்பு. கொண்டு வந்த உப்பு பாதியிலேயே தீர்ந்தது. அக்கா சமையலறை ஜாடியைத் தூக்கி வந்து கவிழ்த்தார்.

"மாங்காய் மட்டுந்தான் பாக்கி" என்றார் ஃபிட்டர்.

"ஊறட்டும். அடுத்த வருஷம் வந்து எடுத்துத் தின்னுங்க" என்றார் அக்கா.

மணி பதினொன்றரை. காய்ச்சல் நேற்றைப்போல ஏறத் தொடங்கியிருந்தது. குழியை ஊற வைக்கத் தண்ணீர் வேண்டும், அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அண்டாவில்தான் இருந்தது. அக்கா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஊத்துங்க" என்றார். ஊற்றிவிட்டால் அதன்பிறகு அவளை உட்கார வைக்க ஒன்றுமில்லை. அவர் சொன்ன பிறகும் நான் அண்டாவைச் சாய்க்கவில்லை. ஃபிட்டர்தான் சாய்த்தார்.

"ஏந் தண்ணிய ஏன் கொட்டுறீக?" என்று குழந்தை அழுதாள்.

புதுக் குழாயிலிருந்து மெயின் பலகைக்கு எர்த் வயர் இழுத்தோம். அதே பல்பு. வயரை எர்த்தில் வைத்ததும் பல்பு எரிந்தது. நியூட்ரலுக்கு மாற்றி வைத்தேன், எர்த்துக்கு மாற்றி வைத்தேன். வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை. இ.எல்.சி.பியின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். பட்டென்று விழுந்தது. ஏற்றினேன். ஸ்டெபிலைசரின் பச்சை விளக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சுவிட்சுக்குக் கை போனது.

அரை மணி நேரம் போயிருக்கும். குழந்தை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். காய்ச்சல் வந்தால் அப்படித்தான் படுப்பாளாம். அக்கா தெர்மாமீட்டரை வைத்துவைத்துப் பார்த்தார். நூற்றிரண்டு. நூற்றொன்று. அதற்குள் அவள் எழுந்து போய், கொடியில் கிடந்த அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துக் கீழே தள்ளி, தலையோடு சுற்றிக்கொண்டு மறுபடி வந்து படுத்தாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "போத்திக்கிறா" என்றார் என்னிடம், நான் பார்க்காததைச் சொல்வது போல. "இவ எதையும் போத்தி நான் பாத்ததில்ல."

அறைக்கு வெளியே நின்ற ஃபிட்டர், "அப்ப டெம்பரேச்சரைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. கரண்டு பில்லு கொறையும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து ஃபிட்டரோடு சரிபார்க்கப் போனேன். அண்டா சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளைக்கு அதன் தேவை போய்விட்டது. அதன் முதுகில் கரித்துண்டால் ஒரு மீன் வரைந்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடேயே மருதாணிச் செடிக்குப் போனவள் திடுக்கிட்டு நின்றேன். மண்ணில் வெடிப்பு விட்டிருந்தது. நாளைக்கு மூன்று அண்டாத் தண்ணீரை நம்பி வைத்த எர்த். அண்டாவே வேண்டாம் என்று ஆக்குவதற்காக வைத்த எர்த். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியவள் நான், ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒளு செய்கிற தண்ணீர் மட்டும் ஒரு பக்கத்தை ஈரமாக வைத்திருந்தது. பல்பு எரிந்தது, ஆனால் முன்னைப்போலப் பளிச்சென்று இல்லை.

வழி தலைக்கு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஏசியிலிருந்து வடிகிற தண்ணீருக்கான குழாயை நாங்கள் சாக்கடைப் பக்கம் விட்டிருந்தோம். ஃபிட்டர் ஏணி போட்டு அதை நீட்டி, தண்ணீர் ஊற்றுவதற்காகத் தரைக்கு மேல் இடுப்பளவு விட்டிருந்த எர்த் குழாயின் வாயில் வைத்த புனலுக்குள் திருப்பினார். அறை குளிரக் குளிரக் குழி நனையும். பற்றாததற்கு, "சாயங்காலம் ஒரு வாளி நான் ஊத்துறேன்" என்றார் அக்கா. "நான்" என்றாள் குழந்தை. வெயில் தாழ்ந்ததும் ஊற்றுவது அன்றிலிருந்து அவள் வேலையானது.

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டில் புதிதாக எழுதினேன். ஒன்று: எர்த் சோதனை. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே. இரண்டு: ஃபிரிட்ஜுக்கு முன்னால் பலகையோ ரப்பர் செருப்போ கிடக்கிறதா என்று பார்க்கவும், ஏன் என்று கேட்கவும். மூன்று: வீட்டில் எந்த இடம் கோடையிலும் ஈரமாக இருக்கும் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்கவும். நான்கு: நாம் வந்து போன பிறகு அந்த ஈரம் நிற்குமா?

அடுத்த கோடையில் போனபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. குழந்தை உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அந்தச் செடியின் மருதாணி, நன்றாகச் சிவந்திருந்தது. அக்கா வெறுங்காலோடு நின்று ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பலகையைக் காணோம். கேட்டேன்.

"அதுவா? புனலுக்குப் பக்கத்துல போட்டிருக்கேன்" என்றார். "அவளுக்கு எட்டணும்ல, தண்ணி ஊத்த."