தோள் மாறிய காவடி

ஒருவருடைய நேர்த்திக்கடனை இன்னொருவர் சுமந்தால், அவருக்கு வரவிருந்த கெடுதலும் கூடவே தோள் மாறிவிடுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் நான். ‘மாறாது’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்க வேண்டும். முடியாமல் போனது, சென்ற மாதம் முனிரத்தினம் தொலைபேசியில் அழைத்த காலையிலிருந்துதான்.

“டீச்சரம்மா, சுலோச்சனா பூட்டாம்மா. மாரு வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா. வண்டி வர்றதுக்குள்ள…” பக்கத்தில் நின்றிருந்த என் அக்கா மாலதி அழவில்லை. “அது எனக்கு வர வேண்டியது” என்று மட்டும் சொன்னாள்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி நோக்கி நடந்தவர்களில் பலர் சுலோச்சனாவைப் பெயர் தெரியாமலே அறிந்திருப்பீர்கள். கனகம்மாசத்திரம் தாண்டியதும் சாலையோரமாக நீலக் கதவு போட்ட வீடு. வாசலில் குடத்தோடு நிற்பார். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டுப் போகிறவர்களை விடமாட்டார். “குடிச்சிட்டுப் போ சாமி. தண்ணி இன்னா உன் ஜாதகத்தையா கேட்டுது?” என்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே குடித்திருப்பீர்கள்.

நாங்கள் அவரைச் சந்தித்த ஆண்டு, அக்கா காவடி எடுத்திருந்தாள். அவள் மகன் ஒரு விபத்தில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டது. அவளுக்குப் பல வருடச் சர்க்கரை. பாதங்களில் உணர்ச்சி குறைவு. நான் சாமிக்காக நடக்கவில்லை, அவளுக்குக் காவலாக நடந்தேன். சுலோச்சனாவின் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போயிருப்போம். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. காவடி எடுத்தவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது அங்கே ஆகாது. அதனால் சுலோச்சனா கொல்லை வழியாகச் சுற்றி ஓடி, எங்களுக்கு முன்னால் வந்து சாலையை மறித்து நின்றார். மூச்சு வாங்கியது.

“நில்லு சாமி. உன் காலு அழுவுது, நீ சிரிச்சிகினு போற.”

வாசலில் சிந்தியிருந்த தண்ணீரில் அக்காவின் காலடி சிவப்பாகப் பதிந்திருந்ததாம். பாதத்தைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு கண்ணாடித் துண்டு ஆழமாக ஏறியிருந்தது. அக்காவுக்கு வலியே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எடுத்த காவடியைத் தரையில் வைக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். “வைக்காத. என் தோளு தரையா?” என்று சுலோச்சனா கை நீட்டினார். அதற்குள் அவருடைய கணவர் முனிரத்தினம் பைக்கில் வந்துவிட்டார். வண்டியை நிறுத்தாமலே கத்தினார்: “வேணாம் சுலோச்சனா! அடுத்தவங்க காவடி. அது பின்னால இன்னா வந்துகினு இருக்குதோ, யாருக்குத் தெரியும்?”

“வர்றது வரட்டும் பாவா. நீ அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ.”

காவடி தோள் மாறியது. எங்கள் பெயரைக்கூட அவர் அதுவரை கேட்கவில்லை.

மலைவரை நான் அவரோடு நடந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் பைக்கில் அக்காவை ஏற்றி அனுப்பிவிட்டோமே என்ற பதற்றத்தில், இந்தப் பெண்ணுக்கு எங்களிடம் என்ன வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டும்விட்டேன்: “ஏன் இதைச் செய்றீங்க?”

“நீ டீச்சரா?”

“ஆமாம்.”

“அதான் கேள்வி கேட்டுகினே வர. மூச்ச மிச்சம் வை. படி ஏறணும்.”

வழியில் ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஓரிடத்தில் அவரைத் தெரிந்த ஒருத்தி குடத்தைச் சாய்த்தபடியே, “யாரு காவடிடி இது? உங்க வூட்டுதா?” என்றாள். “இல்ல. வழியில வாங்கினேன்.” ஊற்றிய கை பாதியில் நின்றது. அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற தன் மகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். சுலோச்சனா அதைக் கவனிக்காதவர்போல நடந்தார். நான் கவனித்தேன்.

அக்காவுக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. இன்னொரு காயம் பட்டால் காலே போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அதன்பிறகு சுலோச்சனா அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அவருக்கு வராது. “டீச்சர், அக்கா காலு இன்னா சொல்லுது?” என்பார். நன்றாக இருக்கிறது என்றால், “ஆங், அப்ப சரி” என்று வைத்துவிடுவார்.

காரியத்தன்று அந்த வீட்டில் அக்கா முனிரத்தினத்தின் எதிரே போய் உட்கார்ந்தாள். “என்னாலதானே?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. “நான் அன்னிக்கே வேணாம்னேன்மா. அவ கேக்கல” என்றார். மூலையில் அவர்களுடைய மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பார்வை அந்தப் பெண்மேல் போய் நின்றுவிட்டது.

திருத்தணி விடுதிக்குத் திரும்பும் வழியில், அடிவாரத்துக் கடையில் அக்கா ஒரு சிறிய காவடி வாங்கினாள். “அவங்க வாசல்லேர்ந்து வெறுங்காலோட நடந்து, என்னுதை நான் திருப்பி எடுத்துக்கணும். இல்லேன்னா அது அந்தப் பொண்ணுகிட்ட போகும்” என்றாள். மாரடைப்புக்கும் காவடிக்கும் தொடர்பில்லை என்றேன். உன் கால் போய்விடும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, போகல” என்றாள். வாதாடாமல் வந்த அந்தச் ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

சுலோச்சனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பக்தி அல்ல. என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முன்னால் நடந்துபோன அந்த முதுகு. வியர்வையில் நனைந்த ரவிக்கை, ஒரு பக்கம் சாய்ந்த தோள். அது போதும் என்று நினைத்தேன். மறுநாள் நடந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

விடிந்தபோது அக்காவின் படுக்கை காலியாக இருந்தது. ஆட்டோ பிடித்து, வந்த சாலையிலேயே திரும்பிப் போனேன். பாதி வழியில், ஒரு பஞ்சர் கடை வாசலில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. பாதத்தில் பெரிய கொப்புளம். தோல் உரிந்து, ஈரத்துணி சுற்றியிருந்தது. “வேணாம்மா, வேணாம்மா” என்று அவள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

நான் இதுவரை பார்த்திராத ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். காவடி அவர் தோளில் இருந்தது.

“நீதான் கூட வந்தவளா?” என்று என்மேல் பாய்ந்தார். “இந்தக் கால வச்சிகினு இருக்கறவங்கள வெறுங்காலோட உட்டுட்டு நீ எங்க பூட்ட? இவங்கள வண்டியில ஏத்து. நான் போய் மலையில சேத்துட்டு வரேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளிலிருந்து காவடியை வாங்கிக்கொண்டேன்.

பயமாக இருந்தது. மலைவரை நடந்து சேர்த்தேன்.