கேக்குக்கு ஓடிபி கேட்டவள்

மெர்லிந்தாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஓவனில் கேக் வேகிறது, கண் போனில் இருக்கிறது. இலோய்லோ நகரத்தில் கேக் சுடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். இவளிடம் வாங்குகிறவர்களோ பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. துபாயிலும் கப்பலிலும் இருந்துகொண்டு, கார்டில் பணம் கட்டி, வீட்டுப் பிறந்தநாளுக்குக் கேக் கொடுக்கச் சொல்கிற ஜனம்.

அந்தப் பணத்தை வாங்கித் தர முதலில் வைத்திருந்த கம்பெனி ஓடிபி கேட்காது. கமிஷன் அதிகம், திருட்டுக் கார்டாக இருந்தால் நஷ்டம் இவள் தலையில். போன மாதம் எவனோ அப்படி ஒரு கார்டில் அடுக்குக் கேக்குகளாக வாங்கித் தின்று ஏப்பம் விட்டான். வங்கி பணம் முழுவதையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. ஓடிபி கேட்கும் வேறு கம்பெனிக்கு அன்றே மாறிவிட்டாள். கமிஷனும் குறைவு. ஆனால் நிம்மதி மட்டும் வரவில்லை.

போன் மறுபடி சிணுங்கியது. இந்தத் தடவையும் ஓடிபி போடாததால் பணம் வரவில்லை. அதே ஆள், தியோதுலோ. மகளுக்கு இன்று சாயங்காலம் ஊதா வள்ளிக்கிழங்கில் செய்கிற உபே கேக், மேலே 'அப்பா மறக்கல' என்று எழுத வேண்டுமாம்.

"திருட்டுப்பய திரும்ப வந்துட்டான்," என்றாள். "கார்டு கார்டா மாத்திப் பாக்குறான்."

டெலிவரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் ரோதெல் போனை வாங்கிப் பார்த்தான். பத்து வருஷம் கப்பலில் இருந்தவன்.

"ஒரே கார்டுதான் லிந்தா. இவன் கப்பல்லதான் இருக்கணும். அங்க வைஃபை வரும், எஸ்எம்எஸ் வராது. ஓடிபி எப்படிப் போய்ச் சேரும்?"

"ஆமா, எல்லாத் திருடனையும் கப்பல்ல ஏத்திவிடு. பெத்த புள்ள பொறந்தநாளையே மறந்த ஆளு, ஊரான் புள்ளைக்கு வக்காலத்து."

இது இந்த வீட்டில் பழைய பாட்டு. சண்டை எதுவானாலும் இதில்தான் வந்து நிற்கும். வழக்கமாகச் சிரித்துவிட்டுப் போகிறவன் இன்று ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.

"மறக்கல. நம்ம பையன் ஜெபோய்க்கு அஞ்சு வயசானப்ப நானும் இப்படித்தான் கேக்குக்குக் கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். சிங்கப்பூர்ல கப்பல் நின்னப்ப ஓடிபி எல்லாம் மொத்தமா வந்துச்சு. அதுக்குள்ள பொறந்தநாள் போயிடுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். சாக்குச் சொல்றேன்னு போனை வெச்சுட்ட."

வைத்தாள்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சொல்லிக் காட்டியதெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து அவளைக் குத்தியது. வெட்கமாக இருந்தது. அவன் மேல் கோபமும் வந்தது, இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

போன் மறுபடி சிணுங்கியது. தியோதுலோவுக்குச் செய்தி அனுப்பினாள்: 'கேக் வந்துடும். கரைக்கு வந்ததும் பணம் கட்டுங்க.' கையோடு ஓடிபி கேட்காத பழைய கம்பெனிக்கே மாறினாள். அடுத்த திருட்டுக் கார்டு வந்தால் நஷ்டம் மறுபடி இவள் தலையில்தான். அது தெரிந்தேதான் உபே கேக்கின் மேல் 'அப்பா மறக்கல' என்று எழுதினாள்.

ரோதெல் பெட்டியை மூடாமல் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கோணலா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. இவன் கொடுத்து வெச்சவன்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.