மாடி இறங்கி வந்த பெயர்

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. நாலாவது மாடியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கும் நீளமான வராந்தா அவள் பொறுப்பு. பதினெட்டு வருஷமாகத் துடைக்கிறாள். தரையை மட்டும் துடைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த வராந்தாவில் ஒரு பெரியவர் காலையிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாராம். உள்ளே அவர் மனைவி. மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போன ஐந்தே நிமிஷத்தில் நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. நர்ஸ் உள்ளே போய்விட்டாள். பெரியவர் திரும்பி வந்து, தன்னைக் கூப்பிட்டது தெரியாமலே இன்னும் இரண்டு மணி நேரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் அண்ணியின் காதில் விழுந்ததுதான். யாருடையது என்று தெரியாததால் துடைப்பத்தோடு சும்மா நின்றிருக்கிறாள்.

அடுத்த நாளிலிருந்து அங்கே உட்காரும் எல்லோரிடமும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். "டீ குடிக்கணும்னா போயிட்டு வாங்க. பேரை மட்டும் என் காதுல போட்டுட்டுப் போங்க. கூப்பிட்டா நான் ஓடி வந்து சொல்றேன்." கை வேலையாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைப்பாள். "இவங்க வீட்டுக்காரர் பேரையும் உங்க காதுல போட்டுக்கோங்க."

நான் கேலி செய்யாத நாள் இல்லை. "ஊர்ப் பேரெல்லாம் உங்க காதுல இருக்கு, நான் வாங்கிட்டு வரச் சொன்ன சோப்பு மட்டும் நிக்க மாட்டேங்குது" என்பேன். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் இதுகூடச் சொல்லாமல் எப்படி? அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

போன வருஷம் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. அதற்கான வைத்தியம் அண்ணியின் ஆஸ்பத்திரியில் கிடையாது. நகரத்தின் மறுகோடியில், எங்களுக்கு ஒருவரையும் தெரியாத பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "கட்டியை மட்டும் எடுக்கப் பாக்கறோம். உள்ள பாத்தாத்தான் தெரியும். யாராவது ஒருத்தர் கதவுகிட்டயே இருங்க" என்றார் டாக்டர்.

அண்ணனை உள்ளே கொண்டுபோனதும் ரத்தம் வாங்கிவர அண்ணி கீழே போனாள். அரை மணி கழித்து என் பையைத் திறந்தால், ரத்தச் சீட்டும் அவளுடைய போனும் அதற்குள் இருக்கின்றன. போனால் கதவருகில் ஆளில்லை, போகாவிட்டால் ரத்தம் இல்லை.

பக்கத்தில் ஒரு பெண், காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்க. பேரை மட்டும் என் காதுல போட்டுட்டுப் போங்க."

அண்ணியின் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டு ஓடினேன்.

கீழே ரத்த வங்கி வரிசையில் அண்ணியின் கையில் சீட்டைக் கொடுத்தபோது மேலே ஏதோ சத்தம். மூன்றாவது மாடியில் ஒரு ஆண் குரல். பிறகு இரண்டாவது மாடியில் வயதான பெண் குரல். பிறகு மாடிப்படியில், மருந்துக் கவுன்டரில். அண்ணனின் பெயர் ஒவ்வொரு மாடியாக இறங்கி எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தது. எங்கள் அப்பா வைத்த பெயர். அதை இத்தனை பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடைசியாக, கையில் மாவுக்கட்டு போட்ட ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"உங்களுக்கா? டாக்டர் கையெழுத்துக்கு நிக்கறாராம். ஓடுங்க."

வரிசையில் பின்னால் நின்றவர் சீட்டை வாங்கிக்கொண்டார். "ரத்தத்தை நான் கொண்டுவரேன்மா." படியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. அண்ணனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கட்டடத்துக்கே ஒரு காது முளைத்துவிட்டது போல இருந்தது எனக்கு.

ரத்தப்போக்கு நிற்கவில்லை, அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். "நேரத்துக்கு வந்தீங்க" என்று சொல்லி உள்ளே போனார். மூன்று மணிக்கு, பிழைத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அண்ணி என் மடியில் தலையைப் போட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று. "எங்க அப்பாவுக்கு முடியாம இருந்தப்போ வேற ஆஸ்பத்திரியில ஒருத்தர் சொன்னார். அவருக்கு யார் சொன்னாங்களோ. இங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள். "இப்படி மாடிக்கு மாடி கூப்பிடறது நல்ல ஏற்பாடா இருக்கே. எங்க ஆஸ்பத்திரியிலயும் சொல்லி வைக்கணும்."

"அண்ணி, அது நீங்க ஆரம்பிச்சது."

"போடி. நான் தரை துடைக்கறவ."

என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்தப் பெண் எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்துத் தயங்கினாள். அண்ணிக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க. உள்ள இருக்கறவங்க பேர் என்ன?"

அவள் சொன்னாள். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பெயர் இன்னும் என் காதில் இருக்கிறது.