வெண்ணாற்று நீச்சல்காரனின் தேனிலவு

எனக்கு நீச்சல் தெரியும் என்று நாற்பத்தெட்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பீற்றிக்கொள்வதற்காகச் சொன்னதில்லை, மனதார நம்பினேன். வெண்ணாற்றங்கரை ஊர். கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். சிறுவயதில் தண்ணீர் ஓடிய மாதமெல்லாம் அதில்தான் கிடந்தேன். இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையில் ஏறுவேன். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

இந்த நம்பிக்கையோடுதான் போன தை மாதம் கல்யாணம் செய்துகொண்டேன். எனக்குத் தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் உரக்கடை. மனைவி தரங்கம்பாடிக்காரர், இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, வயது நாற்பத்து நான்கு. ஞாயிறுதோறும் கல்லணைவரை சைக்கிள் மிதிக்கும் கூட்டத்தில்தான் சந்தித்தோம். கூட்டத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். பதிவாளர் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்க் கையெழுத்துப் போட்டு, அதே சைக்கிளில் இட்லிக் கடைக்கு வந்த பிறகும் வேறு விதமாகக் கூப்பிட வாய் வரவில்லை.

மண்டபமும் மேளமும் இல்லாததால் கையில் கொஞ்சம் மிச்சம். அதில் ஒரு தீவுக்குப் போவது என்று டீச்சர் முடிவு செய்தார். காரணத்தையும் சொன்னார்.

"பதினோரு வருஷம் அப்பாவப் படுக்கையில வச்சுப் பாத்தேன். கடலுக்குப் பக்கத்துலயே பொறந்து, அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவகூடக் குனிஞ்சு பாத்ததில்ல. இந்தத் தடவ பாக்கணும். நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

மாலத்தீவின் விலையைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தோம். அந்தமான் கட்டுப்படியாகும் போலிருந்தது. ரயிலடிப் பக்கம் ஒரு பயண அலுவலகத்துக்குப் போனோம்.

"பொண்ணு மாப்பிள்ளை ஆதார் கொண்டாந்திருக்கீங்களா சார்?" என்றார் அங்கிருந்த இளைஞர்.

என்னுடையதை நீட்டினேன்.

"உங்களோடது வேணாம் சார். மாப்பிள்ளையோடது."

"இவருதாங்க மாப்பிள்ளை. கொஞ்சம் லேட்டா வந்திருக்காரு" என்றார் டீச்சர்.

இளைஞர் நாக்கைக் கடித்துக்கொண்டு, தேனிலவுத் திட்டம் ஒன்றைக் காட்டினார். கட்டில் நிறைய ரோஜா இதழ், இதய வடிவக் கேக், மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு. டீச்சர் அதை முழுக்கப் படித்தார். "தம்பி, பூவையெல்லாம் எடுத்துட்டு வெலயச் சொல்லுங்க."

எடுத்தாலும் குறையாது என்று தெரிந்ததும் வெளியே வந்து நாங்களே திட்டம் போட்டோம். முழுப்பரீட்சை முடிந்ததும் சித்திரையில் பயணம். போகும்போது கப்பல், வரும்போது விமானம். பாக்குத் தோப்புக்குள் ஒரு மூங்கில் குடில், வாடகைக்கு இரண்டு சைக்கிள். ஒருநாள் படகில் போய்ப் பவளப்பாறைக்கு மேலே இறங்கி, முகத்தில் கண்ணாடியும் வாயில் மூச்சுவிடும் குழாயும் மாட்டிக்கொண்டு கடலுக்குள் பார்ப்பது. மற்றதெல்லாம் இந்த ஒருநாளுக்காகத்தான்.

"நீச்சல் தெரியும்ல?" என்று கேட்டார்.

"டீச்சர், காவிரித் தண்ணி குடிச்சு வளந்தவன்ட்ட கேக்குற கேள்வியா இது?"

மாசியில், ஒத்திகை பார்ப்போம் என்று நகரத்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனார். சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓரத்தில் இறங்குவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நேரே ஆழமான பக்கம் போய்க் குதித்தேன். டீச்சரும் பின்னாலேயே குதித்தார்.

என் நீச்சலின் ரகசியம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கைகள் ஜோராகச் சுழல்கின்றன. இடது கால் உதைக்கிறது. வலது காலின் கட்டைவிரல் மட்டும் கீழே போய்த் தரையைத் தேடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் நெஞ்சு உயரம்தான். அத்தனை வருடமும் சேற்றை ஒற்றைக் காலால் உந்தி, நொண்டியடித்தே அக்கரை போயிருக்கிறேன்!

குளத்தில் கட்டைவிரலுக்குத் தரை அகப்படவில்லை. எனக்கு டீச்சரின் கழுத்து அகப்பட்டது. இருவரும் சேர்ந்து உள்ளே போனோம். நீச்சல் மாஸ்டர் குதித்து எங்களைப் பிரித்து மேலே இழுத்துப் போட்டார்.

டீச்சர் வெகுநேரம் இருமினார். கழுத்தில் என் நகம் பட்ட சிவப்புக் கோடுகள். "ஆழத்துல முங்கித் தேடுனா தரை கெடைக்கும்னு பாத்தேன்" என்று சிரிப்புக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல பாத்திருக்கேன். பயந்தவன் தனியா முங்க மாட்டான். பக்கத்துல இருக்குறவனையும் கட்டிப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவான்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "டிக்கெட்ட மாத்த வேணாம். தரை இல்லாத எடத்துல என்னையப் புடிக்காம இருக்க முடிஞ்சா ரெண்டு பேரும் எறங்குவோம். இல்லன்னா நானும் எறங்கல. கரையில உக்காந்து மாங்கா திம்போம்."

அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு. பொட்டாஷ் கேட்டவருக்கு யூரியா கொடுத்தேன். நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் பழகலாமா என்று கைபேசியில் தேடினால், அது ஆயுள் காப்பீட்டு விளம்பரம் காட்டியது. காதுவலி, இடுப்புப் பிடிப்பு, கடையில் சரக்கு இறங்குகிறது என்று சாக்குகளை வரிசையாகத் தயார் செய்தேன். ஒவ்வொன்றையும் டீச்சரிடம் சொல்வதுபோல் ஒத்திகை பார்க்கும்போது, அந்தச் சிவப்புக் கோடுகள்தான் கண்ணில் நின்றன. பதினோரு வருடம் காத்திருந்தவரை நான் மாங்காய் தின்னவா கூட்டிப்போவது?

மூன்றாம் நாள் விடியலில் குளத்து வாசலில் நின்றேன். வெண்ணாற்றில் ரகசியமாகப் பழகலாம் என்றால் மேட்டூர் அணையை மூடியாகிவிட்டது. ஆற்றில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மாஸ்டருக்கு என் வயதில் பாதி.

"அங்கிள், அந்தக் காலக் கீழ விடாதீங்க."

"நான் விடல தம்பி. அதுவாப் போவுது."

"ரெண்டு காலையும் சேத்துக் கட்டிரவா?"

"கட்டுங்க."

ரப்பர் பட்டை போட்டுக் கணுக்கால்களைக் கட்டி, ஆழத்தில் என்னை மல்லாக்கக் கிடத்தி, முதுகுக்கு அடியிலிருந்த கையை மெல்ல எடுத்தார். மூன்று எண்ணுவதற்குள் அவர் தோளில் தொங்கினேன். மறுநாள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போனேன். நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

மாசி, பங்குனி முழுக்க ஒருநாள் தவறவில்லை. மூக்கில் தண்ணீர், காதில் தண்ணீர், கடையில் நாற்காலியிலேயே தூக்கம். கைகளை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பிரச்சினை. சும்மா விட்டால் யாரையாவது தேடிப் போய்விடும். கடைசியில் இரண்டையும் என் நெஞ்சின்மேல் கோத்து வைத்துக்கொண்டேன். பட்டையைக் கழற்றிய பிறகு வலது கால் தொங்கியது. தொங்கட்டும் என்று விட்டுவிட்டு மூச்சை மட்டும் இழுத்து விட்டேன். ஒரு நிமிடம் கிடந்தேன். பிறகு ஐந்து நிமிடம்.

பங்குனிக் கடைசியில் டீச்சர் குளத்தில் இறங்கி, கை எட்டும் தூரத்தில் வந்து நின்றார். மாஸ்டர் எதற்கும் தயாராக இன்னொரு பக்கம் நின்றார். பத்து நிமிடம் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன்.

"பரவால்லையே" என்றார் டீச்சர். "கெளம்புறவரைக்கும் தெனமும் வாங்க."

கப்பலில் மூன்று நாளும் வாந்தி எடுத்தது நான் அல்ல. "தரங்கம்பாடிப் பொண்ணுன்னு யார்ட்டயும் சொல்லிறாதீங்க" என்று டீச்சர் ஜாடையில் கெஞ்சினார்.

குடிலுக்குப் போன நான்காம் நாள் படகில் ஏறினோம். படகுக்காரர் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டார். ஆனாலும் பயம் சட்டையைக் கேட்டுக்கொண்டா வருகிறது? தண்ணீர் அப்படிக் கண்ணாடியாக இருந்தது. முப்பதடிக்குக் கீழே இருந்த மணல் முழங்கால் ஆழத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. இறங்கியதுமே என் வலது கால் அதை நம்பி நீண்டது. ஒன்றும் தட்டவில்லை. ஒரு முழத் தூரத்தில் டீச்சரின் தோள். கைகளை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டு மல்லாந்தேன்.

"நீங்க பாருங்க டீச்சர்" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

டீச்சர் கடலுக்குள் முகத்தை வைத்து இருபத்தைந்து நிமிடம் பார்த்தார். நான் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் மிதந்தேன். அவ்வளவு நேரமும் என் கை அவர்மேல் படவில்லை.