கவிழ்த்து வைக்கச் சொன்ன படம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், வகுப்பறைச் சுவரில் மாட்டும் சார்ட் படங்களுக்குச் சீசன். ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய், அச்சடித்த தாள்களில் மை தீற்றல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பது என் வேலை.

ஒரு நர்சிங் கல்லூரி ஆர்டர் வந்தது. பெண்ணின் நெஞ்சுக்கூடு, மார்பு, அக்குள் எல்லாம் தோலுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“ஏம்மா, அதக் கவுத்திப் போடுங்க! பொம்பளைக பாக்குற படமா இது?”

பெண்ணின் உடம்பைப் பெண் பார்க்கக் கூடாதாம்! ஆண்கள் இளித்துக்கொண்டே அந்தத் தாள்களைப் பிரித்தார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

ஏனென்றால் அப்போது என் இடது அக்குளில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. பண்டல் தூக்கித் தூக்கி நெறி கட்டியிருக்கிறது என்று மூன்று மாதமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லையே என்று சந்தோஷம் வேறு. மடச்சி!

மதியம் சாப்பிட உட்கார வழக்கம்போல ஒரு வேஸ்ட் தாளை விரித்தேன். அதே படம். மார்பின் சதை அக்குள் வரைக்கும் நீண்டு போயிருந்தது. அக்குளில் மணி மணியாக நெறிகள், மார்பிலிருந்து அவற்றுக்குக் கோடுகள். அடக் கடவுளே, இரண்டுக்கும் தொடர்பு உண்டா! சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு வாங்கினேன். மார்பு என்று சொல்ல வாய் வரவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்குளையும் மார்பையும் அழுத்திப் பார்த்தார்.

“இம்புட்டு நாளா என்ன செஞ்சீக?”

சுண்ணாம்பு என்றேன். உடனே டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

புற்றுநோய்தான். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊசி மருந்தில் முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. பிழைத்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு அதே ஆர்டர் மறுபடியும் வந்தது. “கவுத்திப் போடுங்கம்மா” என்றார் சூப்பர்வைசர்.

“முடியாது சார்! என் உசுரக் காப்பாத்துனது இந்தப் படம்தான். இதப் பாக்க நாங்க எதுக்கு வெக்கப்படணும்?” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். ஒரு வேஸ்ட் தாளை எடுத்துப் பெண்கள் சாப்பிடும் அறைச் சுவரில் ஒட்டினேன். யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினேன். அதையும் கிழித்தார்கள்.

கிழிக்கட்டும். எங்கள் அச்சகத்தில் வேஸ்ட் தாளுக்கா பஞ்சம்? ஒன்றும் தெரியாமல் இருந்ததற்கு நான் ஒரு மார்பைக் கொடுத்திருக்கிறேன்; என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளும் அப்படிக் கொடுக்க நான் விடப்போவதில்லை.